பன்னிரண்டு தசம் நான்கு

சூடை மூன்றடி ஓடும்.
பிறகு நிற்கும். நெற்றி லைற் அணைந்து எரியும்
இப்போதுதான் பிறந்ததுபோல.
எங்கே போக வந்தது என்று மறந்துபோகும்.
திரும்பவும் மூன்றடி.

மெலிந்த உடம்பு, அலுமினியச் செதில்.
சூடை என்று பெயர் வைத்தவன் ஜெயரூபன்.
கொழும்புப் போட்டிக்கு இன்னும் இரண்டு இரவு.
உவர்மலையில், பாடசாலை ஆய்வுகூடத்தில்
யன்னலைத் திறந்தால் உப்புக்காற்று
பூட்டினால் ஈயப்புகை.

புறோகிராமில்தான் பிழை என்றேன்.
வயரிங் என் வேலை.
வயரிங் செய்தவன் வேறென்ன சொல்வான்?

கிண்ணியாப் பாலம் தாண்டி
வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் வருகிற நுஸ்கியா
மடிக்கணினியில் ஒரு வரி அழித்தாள், இரண்டு எழுதினாள்.
வேகத்தை நூறிலிருந்து அறுபதாகக் குறைத்தாள்.
சூடை ஐந்தடி ஓடியது.
"பார்த்தியா? புறோகிராம்தான்."

பற்றரியில் மீற்றரை வைத்தேன்.
பன்னிரண்டு தசம் நான்கு.
எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்,
பிள்ளை முதலாம் பிள்ளையாக வந்ததுபோல.
நுஸ்கியா ஏதோ சொன்னாள்.
நான் மோட்டர் ட்ரைவரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
புதியது இரண்டாயிரத்து எண்ணூறு ரூபா,
ஜெயரூபனின் அக்காவிடம் கடன்.
புதியதும் மூன்றடியில் மயங்கியது.

கடைசி இரவு.
கொத்து வாங்க பஸ் நிலையப் பக்கம் போய்விட்டார்கள்.
மைதானத்தில் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த லஞ்ச் ஷீற்றை மென்றுகொண்டு நின்றது.
சூடையைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.
சில்லுகள் சும்மா சுற்றின. அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.
இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

ட்ரைவர் முனையில் கொழுவிய மீற்றர்
பதினொன்று என்றது
ஒன்பது
ஆறு தசம் எட்டு.
நெற்றி லைற் அணைந்தது.
கையை விட்டேன். பன்னிரண்டு தசம் நான்கு.
ஒன்றுமே நடக்காத முகம்.

மறுபடி பிடித்து, பற்றரி முனையில் பார்த்தேன்:
பன்னிரண்டு. அசையவில்லை.
இங்கே பன்னிரண்டு, அங்கே ஆறு.
இடையில் ஒரு சாண் சிவப்பு வயர்,
அதன் நுனியில் ஒரு செப்பு வளையம்.

கரண்ட் போன நாள் அது.
போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
நசுக்கும் கருவியைக் காணாமல்
சாதாரணக் குறட்டால் நானே நசுக்கியது.
இழுத்தேன். பால்பல்போலக் கழன்று வந்தது.
உள்ளே பச்சை பூத்திருந்தது.
முப்பது இழையில் ஆறோ ஏழோதான் பிடிபட்டிருந்தன,
மற்றவை இத்தனை நாளும் பக்கத்தில் நின்று பார்த்தவை.
அதற்கு மேல் சுருங்குகுழாயை மட்டும்
எவ்வளவு வடிவாகப் போட்டிருக்கிறேன்.

புது வளையம். ஈயம் உள்ளே ஊறும்வரை சூடு.
நிலத்தில் விட்டேன்.
ஆய்வுகூடத்தின் முழு நீளமும் ஓடி
சூடை கதவில் மோதியது.

அந்தச் சத்தத்துக்குத்தான் அவர்கள் படியேறி ஓடிவந்தார்கள்.
"நுஸ்கியா, நீ கடைசியா மாத்தினது சரிவந்திட்டுது!"
ஜெயரூபன் கத்தினான்.
நான் கொத்துப் பார்சலைப் பிரித்தேன்.
பழைய வளையம் காற்சட்டைப் பையில் கிடந்தது.

இரவு பஸ். கந்தளாய்க்கு அப்பால்
யானை கடக்கிறதென்று சாரதி லைற்றைக் குறைத்தார்.
முன் இருக்கையில் நுஸ்கியாவும் அவள் உம்மாவும்.
உம்மா நித்திரை.
எட்டிக் கையை விரித்துக் காட்டினேன்.
வளையத்தை எடுத்து,
போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தை நீட்டினாள்:

செவ்வாய். தானாக அணைந்து எழுந்தது 41 முறை.
காரணம்: மின்னழுத்தம் போதாது.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னன்தானே.
நீங்க எல்லாரையும் கூப்பிட்டு
மீற்றரக் காட்டிக்கிட்டு இருந்த நேரம்."

எனக்குக் காது சுட்டது.
யானை எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை,
பஸ் மெதுவாக நகரத் தொடங்கியது.
அவள் வளையத்தைப் பென்சில் பெட்டிக்குள் போட்டு மூடி
மடிக்கணினியைத் திறந்தாள்.

"இன்னும் அறுபதிலதான் ஓடுது" என்றாள்.
"நூறாக்கணும்."